எண்பது வாங்க வேண்டிய கால்

1

என் வலது கணுக்காலில் ஒரு தகடும் ஏழு திருகாணிகளும் குடியேறி இந்த வாரத்தோடு ஓராண்டு முடிகிறது. நான் யாங்கோனில் குடியேறிப் பதினோரு ஆண்டு ஆகிறது. திருகாணிகளிடம் யாரும் வருடா வருடம் தங்கும் அனுமதி கேட்பதில்லை, என்னிடம் கேட்கிறார்கள். மற்றபடி அந்த எட்டுப் பொருள்களும் நானும் ஒரே ஜாதிதான். வெளியிலிருந்து வந்தவர்கள். மழைக்காலத்தில் கொஞ்சம் முனகுவோம்.

திருச்சியிலிருந்து போன் செய்பவர்கள், "பர்மாவில் போய் எப்படி விழுந்தீர்கள்?" என்று கேட்கிறார்கள். திருச்சியில் விழ முடியாது என்பது போல. இந்த ஊர் நடைபாதை என்பது சாக்கடைக்கு மேல் வரிசையாக வைத்த சிமெண்ட் பலகைகள். எங்கள் மிங்கலாடோன் வீட்டுத் தெருமுனையிலிருந்து மார்க்கெட் வரை இருநூற்றுப் பதினான்கு பலகைகள். அவற்றில் பத்தொன்பது ஆடும். அந்தப் பத்தொன்பதையும் எனக்கு நேரில் தெரியும். நான் விழுந்தது இருபதாவதில்.

விழுந்ததைவிடப் பெரிய விபத்து அதன் பிறகு நடந்தது. என் மகள் மீனா, நான் தனியாக பஸ்ஸில் போகக் கூடாது என்று உத்தரவு போட்டாள்.

இதன் கொடுமை புரிய ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் கியாக்டடாவில், சுலே பகோடா பக்கத்து டீக்கடை ஒன்றில் நாங்கள் மூன்று கிழவர்கள் கூடுவோம். ஒருவருக்குக் காது கேட்காது. இன்னொருவர் பேச மாட்டார். மூன்றாமவன் நான். வீட்டிலிருந்து முப்பத்தொரு நிறுத்தம். மனைவி போன பிறகு மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்த எனக்கு, இந்த நாட்டில் யாருடைய அப்பாவாகவும் மாமனாராகவும் இல்லாமல் உட்காரக் கிடைத்த இடம் அந்த மேஜை ஒன்றுதான். ஓராண்டாக அங்கே என் நாற்காலி காலி. காது கேட்காதவரும் பேசாதவரும் எப்படிச் சமாளிக்கிறார்களோ.

"எப்போதான் விடுவே?" என்று ஒருநாள் மீனாவிடம் கேட்டேன்.

"டாக்டர் ஒரு ஃபாரம் வெச்சிருக்காங்கல்ல, நூத்துக்கு மார்க் போடுறது? அதுல எண்பது வாங்குங்க. ரெண்டு தடவை வாங்கணும். அப்புறம் போங்க."

எழுபத்துநான்கு வயதில் எனக்குப் பரீட்சை.

2

டாக்டரின் பெயர் தாண்டா. வீட்டில் தங்கம். இங்கே தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைக்கு இரண்டு பெயர், பள்ளிக்கு ஒன்று, அம்மா கூப்பிட ஒன்று. என் பேத்திகூடப் பள்ளியில் தீரி, வீட்டில் காவேரி. காவேரி என்று கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்க்கப் பதினோரு விநாடி ஆகிறது. தீரி என்றால் ஒரு விநாடி. டாக்டரின் பூட்டனார் துறைமுக வேலைக்கு வந்தவராம். டாக்டருக்குத் தமிழ் நன்றாகப் புரியும். பேசும்போது மட்டும் ஒவ்வொரு வாக்கியமும் நொண்டிக்கொண்டு வரும், கால் வைத்தியருக்கு அது பொருத்தம்தான்.

ஒரு நாள் என் கணுக்காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"அங்கிள், ஒரு ஹெல்ப். இந்தக் கேள்வித்தாள் இங்கிலீஷ்ல இருக்கு. தமிழ் நோயாளிங்களுக்கு நர்ஸ் பர்மா பாஷைல கேக்குது. வயசானவங்க எல்லாத்துக்கும் தலை ஆட்டுறாங்க. தமிழ்ல தேடினேன், எனக்குக் கிடைக்கல. ஸ்பானிஷ்லகூட இருக்கு."

"ஸ்பானிஷிலா?"

"ஆமா. அவங்க மொழிபெயர்த்து, சரியா வேலை செய்யுதான்னு சோதிச்சுப் பாத்திருக்காங்க. அதே வழியில நாமளும் போவோம்."

அந்தக் கணத்தில் ஸ்பெயின்காரர்கள் என் எதிரிகள் ஆனார்கள். நான் ஒரு ஸ்பெயின்காரரைக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் அவர்கள் கணுக்காலுக்குச் சொந்த மொழியில் வலிக்க வசதி இருக்கிறது, என் கணுக்காலுக்கு இல்லை என்றால் என்ன நியாயம்?

வழி இதுதான். இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்கி, பிறகு இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் அந்தத் தமிழைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும். இரண்டு ஆங்கிலமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு நோயாளிகளிடம் கொடுத்து, பதினான்கு நாள் கழித்து அதையே மறுபடியும் கொடுக்க வேண்டும். கால் மாறாவிட்டால் பதிலும் மாறக் கூடாது. மோசமான கால் குறைந்த மதிப்பெண் வாங்க வேண்டும், நல்ல கால் கூடுதலாக வாங்க வேண்டும். இருபத்தைந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் சுழியத்திலிருந்து நான்கு வரை. நான்கு என்றால் சிரமமே இல்லை. சுழியம் என்றால் முடியவே முடியாது.

நான் உடனே ஒப்புக்கொண்டேன். முப்பத்துமூன்று வருடம் ஊரில் புள்ளிவிவர அலுவலகத்தில் இருந்தவன் என்பது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. இந்த நாட்டில் நான் இதுவரை நாற்பத்தாறு படிவங்கள் நிரப்பியிருக்கிறேன். அப்பா பெயர் கேட்டிருக்கிறார்கள், அப்பாவின் அப்பா பெயர் கேட்டிருக்கிறார்கள், வெள்ளைப் பின்னணியில் ஆறு புகைப்படம் கேட்டிருக்கிறார்கள். "மாடிப்படி இறங்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்ட முதல் படிவம் இதுதான்.

3

மொழிபெயர்ப்பு ஐந்து வாரம் இழுத்தது. இன்னொரு மொழிபெயர்ப்பாளர் தன்லியினில் துணிக்கடை வைத்திருக்கும் ஹனிபா பாய். நல்ல தமிழ், கெட்ட பிடிவாதம்.

காலணிக் கேள்வியில் நாங்கள் ஒன்பது நாள் சண்டை போட்டோம். "அலுவலகத்துக்கு அணியும் மூடிய காலணியில் நடக்கச் சிரமமா?" என்று மூலம் கேட்கிறது.

"இங்க யாருங்க ஷூ போடுறா? டவுன்ஷிப் ஆபீஸ்ல பெரியவரே செருப்புலதான் வர்றாரு," என்றார் பாய்.

"கேள்வியை நாம் மாற்றக் கூடாது பாய். ஸ்பெயினில் மாற்றவில்லை."

"ஸ்பெயின்ல பகோடா இருக்கா? பன்னெண்டு மணி வெயில்ல, காலுல ஒண்ணும் இல்லாம, அந்தக் கல்லு மேல நடந்திருக்கானா உங்க ஸ்பெயின்காரன்?"

எனக்கு அது உறைத்தது. கடைசியில் டாக்டர் தீர்ப்புச் சொன்னார்: செருப்பு ஒரு கேள்வி, வெறுங்கால் ஒரு கேள்வி. இருபத்தைந்தைத் தாண்டாமலிருக்க, ஒன்றுபோல் இருந்த வேறு இரண்டு கேள்விகள் ஒன்றாயின. ஸ்பெயினை நாங்கள் முந்திய இடம் அது என்று என் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்.

இன்னொரு கேள்வி தூரத்தைப் பற்றியது. கிலோமீட்டர் என்று போட்டால் இங்கே கிழவர்களுக்குப் பிடிபடாது. இன்றைக்கும் மைலும் பர்லாங்கும்தான். ஒரு பர்லாங்கு எத்தனை அடி வைப்பு என்று நானே நடந்து அளந்தேன், இரண்டு முறை. முன்னூற்றுப் பத்து, முன்னூற்று நாற்பத்தொன்று. இரண்டாவது முறை வலித்தது, அதனால் அடி குறுகிவிட்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

தட்டச்சு செய்தவள் தீரி. அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. நான் எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, படத்தைப் பார்த்துப் படம் வரைவது போல ஒவ்வொரு எழுத்தாகத் திரையில் தேடித் தட்டினாள். நடுவில் இரண்டு முறை மின்சாரம் போனது. முழுக் கேள்வித்தாளிலும் நான்கு பிழை. அந்த நான்கும் என் கையெழுத்தில் இருந்த பிழைகள். ஒரு நாளில் அவள் என்னிடம் பேசும் தமிழ்ச் சொற்களை எண்ணுவது என் வழக்கம், சராசரி பதினான்கு வரும். அன்று இருபத்தெட்டு. அதில் பாதி, "அபோ, இது என்ன எழுத்து?" அபோ என்றால் பர்மாவில் தாத்தா. அதையும் தமிழில் சேர்த்துத்தான் எண்ணினேன், யாருக்கு நஷ்டம்?

4

முதல் சுற்று, ஒரு சனிக்கிழமை டாக்டரின் கிளினிக்கில். பதினெட்டு பேர், பதினெட்டும் தமிழ்க் கால்கள், எல்லாம் டாக்டர் கையால் அறுத்துத் தைத்தவை. கூட்டிப் போடும் வேலை எனக்கு.

பதினேழு பேர் நூற்றுக்கு நூறு. ஒருவர் மட்டும் எண்பத்தொன்று.

அந்த ஒருவர் நான்.

டாக்டர் தாளையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, "அங்கிள் ஒருத்தர்தான் உண்மை எழுதியிருக்கீங்க," என்றார்.  எண்பத்தொன்று எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். முதலில் எண்பதுக்கு மேல் ஒன்று என்று முடிவு செய்துகொண்டு, பிறகு இருபத்தைந்து கேள்விக்கும் அதைப் பங்கிட்டேன். எந்தக் கேள்வியில் எவ்வளவு குறைத்தால் சந்தேகம் வராது என்று மொழிபெயர்த்தவனுக்குத் தெரியாதா? வீட்டில் காட்டிவிட்டுத் திருப்பித் தருகிறோம் என்று சிலர் தாளை எடுத்துப்போனார்கள், நானும்தான். வீட்டுக்கு வந்ததும் மீனா தாளைப் பார்த்து, "பரவால்லியேப்பா, இன்னொரு தடவை இதே மாதிரி வாங்குங்க," என்றாள். நான் அன்றே பஸ்ஸில் எந்தப் பக்கத்து இருக்கை என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

பதினான்கு நாள் கழிந்தது. இரண்டாவது சுற்று. கிளினிக் வாசலில் நான் சீக்கிரமே போய் உட்கார்ந்திருந்தேன். எதிரே பஸ் நிறுத்தத்தில் மாணிக்கம் இறங்கினார். நகராட்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இடது குதிகாலில் அறுவை நடந்தவர், முதல் சுற்றில் நூறு. நிறுத்தத்திலிருந்து வாசலுக்கு நூற்றெழுபது அடி வைப்பு. அதற்குள் நான்கு முறை நின்றார். ஒவ்வொரு முறையும் கடையில் ஏதோ விலை கேட்பது போல நின்றார். நான்காவது முறை நின்றது பூட்டிய கடை.

உள்ளே வந்து உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து, மடியில் வைத்துப் பார்த்துப் பார்த்து எழுதத் தொடங்கினார்.

"மாணிக்கம், அது என்ன?"

"போன தடவ எழுதினதுங்கய்யா. வீட்டுல ஒரு நகல் எடுத்து வெச்சா. மாத்தி எழுதிப்புட்டா சயாமாவுக்குக் கணக்குத் தப்பிப் போயிரும்ல?"

சயாமா என்றால் டாக்டரம்மா.

"வாசல் வரதுக்குள்ள நாலு தடவை நின்னீங்களே. நடக்கச் சிரமமே இல்லைன்னு போடுறீங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஐயா, அவுக ரெண்டு மணி நேரம் நின்னுக்கிட்டே இந்தக் காலைச் சரி பண்ணுனாக. அவுக கையிலயே தாளைக் குடுத்து வலிக்குதுன்னு எழுதச் சொல்றீகளே, நல்லாவா இருக்கு? ஆனாடேங்க."

ஆனாடே. இந்த ஊரில் பர்மியரும் தமிழரும் ஒன்றுபோல் சொல்லும் சொல். நம்மால் இன்னொருவர் மனம் சங்கடப்படுமோ என்ற கூச்சம். சுற்றிப் பார்த்தேன். பதினேழு பேரும் தலையை ஆட்டினார்கள். அதில் ஐந்து பேர் கையில் நகல் இருந்தது.

எனக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் கால்நடை எண்ணப் போன ஞாபகம் வந்தது. ஒரு அம்மாள், பின்னால் நான்கு ஆடுகள் கத்திக்கொண்டிருக்க, "ஆடே கிடையாதுங்க" என்றார். வரி போடுவார்கள் என்ற பயம். விதிப்படி அவர் சொன்னதைத்தான் எழுத வேண்டும், சுழியம் என்று எழுதினேன். ஆடுகள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தன. அங்கே பயத்தில் ஆட்டை மறைத்தார்கள், இங்கே மரியாதையில் வலியை மறைக்கிறார்கள். எண்ணுகிறவன் பாடு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

டாக்டர் விஷயம் தெரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எல்லாரும் நூறுன்னா இந்தத் தாள் எதுக்கு அங்கிள்? யாருக்கு வலிக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

5

யோசனை என்னுடையது. எதிர்ப்பக்க டீக்கடைக்கு எல்லோரையும் கூட்டிப் போனேன். டாக்டர் வரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். மீனா மட்டும் வந்தாள். என்னை வீட்டுக்கு அழைத்துப் போக அப்போதுதான் வந்திருந்தாள்.

டீ வந்தது. "இப்போ சொல்லுங்க, யாருக்கு வலி?" என்றேன்.

அணை உடைந்தது.

"எனக்குக் காலையில எந்திரிச்சா முள்ளு மேல நிக்கிற மாதிரி."

"முள்ளு என்ன முள்ளு, எனக்கு ஆணி."

"உனக்கு ஒத்தக் காலு. எனக்கு ரெண்டும்."

"ரெண்டாவது காலுல ஆப்ரேசனே பண்ணலையேடி!"

"அதான் வலிக்குது!"

ஐந்து நிமிடத்தில் பதினேழு பேரும் சுழியத்துக்கு இறங்கிவிட்டார்கள். ஓர் அம்மாள் சுழியத்துக்குக் கீழே எண் இருக்கிறதா என்று கேட்டார். டாக்டர் முன்னால் நூறு, டீக்கடையில் சுழியம். ஸ்பெயினில் இதற்கு என்ன செய்தார்களோ, டாக்டரிடம் இருந்த குறிப்பில் டீக்கடை பற்றி ஒன்றும் இல்லை.

கடைசியில் கடைக்காரரிடம் ஒரு காலி பிஸ்கட் டப்பா வாங்கினேன். ஒவ்வொருவரும் தனி மேஜை. பேச்சு கிடையாது. தாளில் பெயர் கிடையாது, கிளினிக் பதிவேட்டில் அவரவருக்கு உள்ள எண் மட்டும். எழுதி மடித்து டப்பாவில் போட வேண்டும். "டாக்டர் முகத்தை நினைக்காதீங்க, பக்கத்து மேஜையையும் நினைக்காதீங்க. காலைப் பாத்து எழுதுங்க," என்றேன். மாணிக்கம் உண்மையாகவே செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்கி எதிர் நாற்காலியில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து எழுதினார்.

"ஐயா, நீங்க எழுதலையா?" என்று கேட்டவரும் அவர்தான்.

என் எண் பதினெட்டு. மூலை மேஜைக்குப் போய் உட்கார்ந்தேன். இரண்டு மேஜை தள்ளி மீனா. எண்பதுக்கு மேல் இன்னொரு தடவை, வருகிற வெள்ளிக்கிழமை முப்பத்தொரு நிறுத்தம். பழைய பதில்கள் இருபத்தைந்தும் எனக்கு மனப்பாடம். மற்றவர்களாவது நகல் எடுத்துவந்தார்கள், எனக்கு அதுகூடத் தேவையில்லை.

படி இறங்குவது. போன தடவை மூன்று போட்டிருந்தேன். காலைப் பார்த்தேன். ஒன்று. மேடுபள்ளத்தில் நடப்பது, மூன்று போட்டது ஒன்றானது. கால்மணி நேரம் நிற்பது, நான்கு இரண்டானது. உயரமான படியில் ஏறுவது, மூன்று ஒன்றானது. "விழுந்துவிடுவேனோ என்ற பயம் உண்டா?" இதை நான்தான் மொழிபெயர்த்தேன், நல்ல தமிழ் என்று பாயே ஒப்புக்கொண்ட ஒரே வாக்கியம். நான்கு போட்டிருந்தேன். பேனா நின்றுவிட்டது. இரண்டு போட்டேன். மீதி இருபதில் மாற்றமில்லை.

டப்பாவில் போட்டேன். பிறகு நானே திறந்து கூட்டினேன். இந்த முறை மதிப்பெண்கள் இருபத்தாறிலிருந்து தொண்ணூற்றுமூன்று வரை பரவி நின்றன. இப்போதுதான் அவை கால்களுடைய மதிப்பெண்கள் மாதிரி இருந்தன. நாங்கள் எல்லோரும் பின்னால் போக, எல்லாவற்றையும் மீனாவே கிளினிக்குக்கு எடுத்துப் போய் டாக்டரிடம் படித்துக் காட்டினாள். மாணிக்கத்துக்கு முப்பத்தெட்டு என்றதும் டாக்டர் எழுந்துபோய் அவரை எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். "சயாமா, மன்னிச்சுக்குங்க," என்றார் மாணிக்கம். "வலிக்குது."

"பதினெட்டாம் எண், எழுபத்தொண்ணு," என்று மீனா படித்தாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "அங்கிள், பதினாலு நாள்ல பத்து மார்க் இறங்கியிருக்கே. கால் என்ன ஆச்சு?"

"கால் ஒன்றும் ஆகவில்லை டாக்டர். முதல் தடவை எழுதியது கால் இல்லை."

முதல் சுற்று முழுவதும் செல்லாது, இதை முதலாகக் கொண்டு பதினான்கு நாள் கழித்து மறுபடி எழுதுவோம் என்று டாக்டர் எழுதிக்கொண்டார். அவர் சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை.

6

வீட்டுக்கு வரும் வழியில் மீனா எனக்கு முன்னால் நடந்தாள். பதினேழாவது ஆடும் பலகையைத் தாண்டியதும் நின்றாள்.

"எந்த அஞ்சு கேள்வில குறைச்சீங்கன்னு பார்த்தேன்ப்பா. படி, மேடுபள்ளம், நிக்கிறது, ஏறுறது, பயம். அப்படியே பஸ் பயணம்."

"ஆமாம்."

"மாத்தாம விட்டிருந்தா வெள்ளிக்கிழமை போயிருப்பீங்க."

"ஆமாம்."

"அப்ப ஏன் எழுதினீங்க?"

 "மாணிக்கம் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்," என்றேன். அது ஒரு பதிலே இல்லை.

அவள் செருப்பு முனையால் பலகையை அழுத்திப் பார்த்தாள். "விழுந்த அன்னிக்கு, ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொல்லிக்கிட்டே உடைஞ்ச காலோட வீடு வரைக்கும் நடந்து வந்தீங்க. அதுக்குத்தான்ப்பா நான் பயந்தேன். நீங்க விழுறதுக்கு இல்ல. வலிக்குதுன்னு சொல்ற ஆளா இருந்தா நான் ஏன் தடுக்கப்போறேன்? போங்க. ஆனா வழியில வலிச்சா எனக்கு போன் பண்ணணும். பத்துக்கு எவ்வளவுன்னு சொல்லணும்."

வெள்ளிக்கிழமை காலை கிளம்பினேன். நிறுத்தத்தில் நின்றபோது இரண்டு. போன் செய்தேன். பஸ்ஸில் ஏறியபோது நான்கு, செய்தேன். உட்கார இடம் கிடைத்ததும் ஒன்றரைக்கு இறங்கியது. நல்ல செய்தியையும் சொல்ல வேண்டும் அல்லவா, செய்தேன். ஒன்பதாவது நிறுத்தத்தில் ஓட்டுநர் பிரேக் போட்டார், மூன்று. பதினான்காவதில் ஓர் அம்மாள் கூடையை என் கால்மேல் வைத்தார், ஐந்து, ஆனால் இடது காலில். இடது கால் கணக்கில் வருமா என்று கேட்கப் போன் செய்தேன்.

"அப்பா, நான் மீட்டிங்ல இருக்கேன்," என்றாள் மீனா கிசுகிசுப்பாக. "இது ஏழாவது போன்."

"ஐந்தாவது."

"இனிமே நாலைத் தாண்டினா மட்டும் பண்ணுங்க. போதும்."

"நாலு என்றால் நாலையும் சேர்த்தா, நாலுக்கு மேலேயா?"

தொடர்பு அறுந்துவிட்டது. அவள் அறுத்தாளா, இந்த ஊர் டவர் அறுத்ததா என்று கணக்கிட வழியில்லை. முப்பத்தோராவது நிறுத்தத்தில் சுலே வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடது காலை முதலில் வைத்து இறங்கினேன். வலித்தது. சரியாக நாலு இருக்கும். சாலைக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் ஒருவர் பேசாமல் கையை உயர்த்தினார். மற்றவர், யாரோ கூப்பிட்டது போலத் தப்பான பக்கம் திரும்பிப் பார்த்தார்.

போனைப் பைக்குள் போட்டேன். அங்கே போய் உட்கார்ந்தால் மூன்றாகிவிடும்.